தாய் பாட, மகள் ஆட

பரம்பரை என்ற சொல்லைக் கேட்டவுடன் தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், குருவிடமிருந்து சீடனுக்கும் வித்தை இறங்கிவந்த வரிசைகளே நம் நினைவுக்கு வருகின்றன. நம் இசை வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அந்த முறையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் சென்னையில் ஒரு குடும்பம் இருந்தது. அதன் வரிசையை ஆடவர் பெயர்களைக் கொண்டு எழுதவே இயலாது. பாப்பம்மாள், ருக்மிணி, காமாட்சி, சுந்தரம்மாள், தனம்மாள், ஜயம்மாள், பாலசரஸ்வதி என்று ஏழு தலைமுறைகள் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிவந்த குடும்பம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையின் ஆதரவில் ஆடியும் பாடியும் வாழ்ந்தவர் பாப்பம்மாள். அவர் ஏற்றிவைத்த விளக்கை இருநூறு ஆண்டுகளாக மகளிரே ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக் காத்துவந்தனர்.

அவ்வரிசையில் ஏழாமவராகிய பாலசரஸ்வதி அம்மையாரின் வாழ்க்கையை இங்கே சொல்ல முற்படுகிறேன். ஆயினும் அவர் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால், ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய தாயார் ஜயம்மாள் வந்து நிற்கிறார். மகளின் பெயரை உலகம் அறியும். தாயின் பெயரை அறிந்தவர் இன்று சிலரே. எனவே இருவரையும் சேர்த்தே சொல்வதுதான் முறை என்று கருதுகிறேன்.

பாலசரஸ்வதி 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய பாட்டியார் வீணை தனம்மாள் அப்பொழுது ஐம்பது வயதைத் தாண்டிப் புகழின் உச்சியில் இருந்தவர். ஜார்ஜ் டவுனில் இருந்த அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பார். மீட்டுகோல் கொள்ளாமல் விரல் நுனியாலேயே தந்தியை வருடி எழுப்பும் நாதம் மிக மெல்லியது. அதைக் கேட்க வேண்டுமானால் கூடியிருப்போர் மூச்சையும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். சங்கீத உலகின் பெரியோர் பலர் அங்கே பணிவோடு வந்து உட்கார்ந்தனர். வடநாட்டு இசை மேதை அப்துல் கரீம் கான் அந்த வீணையைக் கேட்டு வியந்தவர்களுள் ஒருவர். அம்மையார் பெயரில் தனம் இருந்ததே அன்றி இல்லத்தில் அது நிலைத்ததில்லை. முதுமையில் கண்பார்வையும் குன்றியது. வீணை மட்டும் குன்றவில்லை.

ராஜலக்ஷ்மி, லக்ஷ்மிரத்னம், ஜயம்மாள், காமாட்சி ஆகிய நால்வரும் தனம்மாளின் புதல்வியர். நால்வரும் பாடுவோரே. காமாட்சியின் மகளிரே பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பிருந்தாவும் முக்தாவும். இத்தகைய வீட்டில் குழந்தைக்குத் தாலாட்டு வேறு, சங்கீதம் வேறு என்று இருக்க இயலுமா? சியாமா சாஸ்திரியின் கிருதிகளும், க்ஷேத்ரக்ஞரின் பதங்களும், தருமபுரி சுப்பராயரின் ஜாவளிகளும் அந்தக் கூடத்தில் அன்றாடம் ஒலித்தன. பேசத் தொடங்கிய பருவத்திலேயே பாலாவுக்கு ஜயம்மாள் பாடம் சொல்லத் தொடங்கினார். பிற்காலத்தில் பாலா ஆடிக்கொண்டே தாமும் வாய்விட்டுப் பாடுவதைக் கண்டு வியந்தவர்கள், அந்தப் பழக்கத்தின் வேர் தாயின் மடியில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்திருப்பார்களோ, அறியேன்.

இதுவரை எல்லாம் இயல்பாகவே நடந்தது. பாடும் வீட்டில் பிறந்த பெண் பாடுகிறாள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அந்தக் குழந்தை ஆட விரும்பியது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் நாட்டிய மங்கையாகிய கௌரி அம்மாள் ஆடக் கண்டு, அதுவே தன் வழி என்று அந்தப் பிஞ்சு உள்ளம் முடிவு செய்துவிட்டது. இங்கேதான் அந்தக் குடும்பத்தில் பெரிய சிக்கல் எழுந்தது.

அன்றைய நிலையை இன்றைய வாசகர் சற்றே மனத்தில் கொண்டுவர வேண்டும். இக்காலத்தில் எந்த ஊரில் தமிழர் குடியேறினாலும், மாலை வேளையில் ஏதேனும் ஒரு வீட்டு மாடியில் தட்டுக்கழியின் ஓசை கேட்கிறது. தாய்மார் தங்கள் பெண்களுக்குச் சலங்கை கட்டி அனுப்பிவிட்டுப் பெருமையோடு வெளியே காத்திருக்கிறார்கள். 1920களில் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்யவும் முடியாது. சதிர் என்று அழைக்கப்பட்ட அந்த ஆட்டம் தேவதாசிக் குலத்துப் பெண்களுக்கே உரியதாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதை ஒழிக்க வேண்டும் என்ற இயக்கம் தோன்றி வலுப்பெற்றுவிட்டது. ஆடும் பெண்ணை இழிவாகப் பேசாத வாய் அரிது. அரசர்கள் போய்விட்டார்கள், கோயில் மானியங்கள் தேய்ந்துகொண்டிருந்தன, மணவீடுகளில் சதிர் வைப்பதும் அருகிவிட்டது. அக்குலத்தைச் சேர்ந்த பல குடும்பங்கள் தங்கள் பெண்களை ஆட்டத்திலிருந்து விலக்கி, பாட்டுக்கோ பள்ளிக்கோ அனுப்பின. அதுதான் அறிவுடைமை என்று அப்பொழுது தோன்றியது. அதைத் தவறு என்று இன்று நாம் சொல்லிவிட முடியாது.

தனம்மாளும் அவ்வாறே எண்ணினார். தம் முன்னோர் ஆடியவர்கள் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அறிந்திருந்ததனாலேயே பேத்தியின் காலில் சலங்கை ஏறுவதை அவர் விரும்பவில்லை. வீணையால் தாம் ஈட்டிய மதிப்பு, ஆட்டத்தால் பேத்திக்குக் கிடைக்காது. ஏச்சே கிடைக்கும் என்று அவர் அஞ்சியிருத்தல் வேண்டும். அத்தகைய தாயின் விருப்பத்துக்கு எதிரே நின்றார் ஜயம்மாள். ஒரு புறம் சங்கீத உலகமே வணங்கும் தாய். மறு புறம் ஐந்து வயதும் நிரம்பாத மகள். மகளின் பக்கம் நின்றார் அவர். வீட்டுக்குள்ளும் வெளியிலும் வந்த எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு, தம் தாயாரின் இசைவையும் எப்படியோ பெற்று, பாலாவை நாட்டியத்துக்கு உரியவளாக்கினார்.

ஒரு தாய் தன் மகளுக்குச் செய்வனவற்றில் இதைவிட அச்சம் தரும் செயல் இருக்குமா என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். மகளின் மானமும் வாழ்வும் இதில் அடங்கியிருந்தன. வெற்றி கிட்டாவிடில் பழி முழுவதும் தாயின்மேல் விழும். வெற்றி கிட்டினாலும் ஊர் வாய் மூடிவிடாது.

பாலாவுக்குக் குருவாக வாய்த்தவர் கந்தப்ப பிள்ளை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர். நெல்லையப்ப நட்டுவனாரின் மைந்தர். மிகக் கண்டிப்பானவர். அடவு ஒன்று சரியாக அமையும்வரை அடுத்ததற்குச் செல்லமாட்டார். விளையாட வேண்டிய வயதில் அந்தச் சிறுமி விடியற்காலை முதல் இரவு வரை அடவும் பாட்டும் தாளமுமாக வளர்ந்தாள். பெற்ற தாய் அருகிலேயே அமர்ந்திருந்தும் குருவின் கடுமையில் குறுக்கிடவில்லை. 1925ஆம் ஆண்டு, ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் பாலாவின் அரங்கேற்றம் நிகழ்ந்தது.

1933-ல் சென்னைச் சங்கீத வித்வத் சபையின் ஆதரவில் பாலா ஆடினார். உலகம் சுற்றிவந்த நடனக் கலைஞர் உதயசங்கர் அவர் ஆட்டத்தைக் கண்டு பெரிதும் போற்றினார். அடுத்த ஆண்டே, 1934-ல், கல்கத்தாவில் அவர் ஆட்டம் நடைபெற்றது. தென்னாட்டின் இந்தப் பழைய நாட்டிய முறை, தென்னாட்டுக்கு வெளியே ஒரு நகரத்து மேடையில் ஏறியது அதுவே முதன்முறை என்பர். அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. தமிழும் தெலுங்கும் அறியாத மக்கள் முன்னே நின்று, முகத்தையும் கையையும் துணையாகக் கொண்டு பொருளை விளங்கவைக்க வேண்டும். பிற மொழியாளர் நடுவே வாழும் நமக்கு அந்த அருமை எளிதில் புரியும்.

இனி இக்கட்டுரையின் உயிரான இடத்துக்கு வருகிறேன். பழைய சதிர்க் கச்சேரியில் பாடுவோரும் வாசிப்போரும் ஆடுபவளின் பின்னே நின்றுகொண்டு, அவள் முன்னே வந்தால் தாமும் முன்னே வந்து, பின்னே சென்றால் தாமும் பின்னே செல்வார்கள். பாட்டு ஆட்டத்துக்குத் துணை என்ற அளவிலேயே மதிக்கப்பட்டது. கந்தப்ப பிள்ளையின் காலத்தில் பாலாவின் இசைக்குழு மேடையின் ஓரத்தில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கியது. அக்குழுவில் ஜயம்மாள் பாட அமர்ந்தார். வீணை தனம்மாளின் மகள், பெரிய கச்சேரி மேடைக்கே உரிய சங்கீதம் படைத்தவர், தம் மகளின் ஆட்டத்துக்குப் பின்னணி பாட வந்து உட்கார்ந்தார். அதனால் அவர் மதிப்பு குறையவில்லை. நாட்டியப் பாட்டின் மதிப்புதான் உயர்ந்தது.

அபிநயத்துக்குப் பாடுவது எளிய காரியம் அன்று. பதம் என்பது மிகத் தாழ்ந்த காலத்தில் நடப்பது. பல்லவியில் ஓர் அடி இருக்கும். அதைப் பாடகர் ஒரு முறை பாடினால் ஆடுபவர் ஒரு பொருள் காட்டுவார். மறுமுறை வேறொரு சங்கதியோடு பாடினால் வேறொரு பொருள் தோன்றும். ஊடல் ஒரு முறை, ஏக்கம் ஒரு முறை, ஏளனம் ஒரு முறை என்று அந்த ஓர் அடியே பத்துப் பன்னிரண்டு முறை விரியும். எத்தனை முறை என்பது முன்னே தீர்மானிக்கப்பட்டதன்று. ஆடுபவரின் மனத்தில் இன்னும் ஒரு கற்பனை எஞ்சியிருக்கும்போது பாடகர் அடுத்த அடிக்குத் தாவிவிட்டால் அந்தக் கற்பனை கருவிலேயே மாய்ந்துவிடும். கற்பனை தீர்ந்த பின்னும் அதே அடியில் நின்றால் அவையோர் சலித்துப்போவார்கள். எனவே பாடுபவர் ஆடுபவரின் முகத்தைக் குறிப்பறிந்துகொண்டே இருக்க வேண்டும். மகளின் முகத்தைக் குறிப்பறிவதில் தாய்க்கு இணையானவர் யார்? பசியையும் உறக்கத்தையும் குழந்தையின் கண்ணில் படித்த பழக்கம், மேடையிலும் உதவியது போலும். சில வேளைகளில் மகள் முன்னே சென்று தாயின் குரலை இழுத்துச் செல்வார். சில வேளைகளில் தாய் ஒரு புதிய சங்கதியைப் போட்டு, இதற்கு என்ன செய்யப்போகிறாய் என்று மகளைச் சோதிப்பதுபோல் இருக்கும்.

பதங்களில் தாய் என்பவள் அடிக்கடி வருபவள். நம் அகப்பாடல்களில் நற்றாயும் செவிலியும் மகளை நினைத்துக் கலங்குவர். ஆழ்வார்கள் தாயின் நிலையில் நின்று பாடிய பாசுரங்கள் பல. பதங்களிலோ தலைவி தன் தாயிடம் ஒளிப்பாள். தாய் அவளைக் கடிந்துகொள்வாள். அல்லது மகளின் நிலைக்காகத் தலைவனிடம் நியாயம் கேட்பாள். அத்தகைய சொற்களை ஜயம்மாள் பாட, அவற்றுக்கு முகம் கொடுத்து பாலா நின்ற காட்சியில், பாட்டு எங்கே முடிந்தது, வாழ்க்கை எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது அரிது.

ஆயினும் பாலாவின் பெயரோடு பிரிக்கமுடியாமல் இணைந்துபோனது ஒரு கன்னடப் பாடல். வியாசராயர் இயற்றிய, கண்ணனை விரைந்து வருமாறு அழைக்கும் பாடல் அது. யமுனா கல்யாணி இராகத்தில் பாடப்படுவது. கண்ணனின் அணிகளும் ஆடையும் குழலும், வாய்க்குள்ளே உலகங்களைத் தாய்க்குக் காட்டிய விந்தையும் அதில் வருகின்றன. பாலா அதில் யசோதையாக நிற்பார். எதிரே குழந்தை இல்லை, வெறும் மேடைதான். கையசைத்து அழைப்பார், வாராததால் பொய்க்கோபம் கொள்வார், வெண்ணெய் காட்டி ஆசை மூட்டுவார், ஒளிந்திருப்பவனைக் கண்டும் காணாதவர்போல் இருப்பார், இறுதியில் அள்ளி எடுத்து அணைப்பார். அழைப்பது ஒரே சொல். அழைக்கும் விதங்களுக்கோ கணக்கில்லை. யசோதையாக அவர் தம் குழந்தையை அழைக்கும்போது, அந்த அழைப்பைப் பாடிக்கொண்டிருந்தது அவரையே குழந்தையாக வளர்த்த தாயின் குரல். தாய் மகளை அழைக்கிறாரா, மகள் கண்ணனை அழைக்கிறாரா என்று மயங்குமாறு இரண்டும் ஒன்றாயின. உடலின் ஒயிலும் கால்களின் விரைவும் இன்னும் மிகுந்தவர்கள் பின்னால் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். இந்த ஓர் உருப்படியில் பாலாவை விஞ்சியவர் உண்டு என்று நான் நம்பவில்லை.

இவ்வளவு உயரத்தை எட்டியவர்களுக்கும் துன்பக் காலம் வந்தது. 1938ஆம் ஆண்டு அக்டோபரில் தனம்மாள் மறைந்தார். கந்தப்ப பிள்ளை ஆல்மோராவில் உதயசங்கர் நிறுவிய கலைக்கூடத்துக்குக் கற்பிக்கச் சென்றார். 1940களின் தொடக்கத்தில் அவரும் காலமானார். பாலாவின் உடல்நலமும் கெட்டது. ஆட்டங்கள் அருகின. அதே காலத்தில் சதிர் பரதநாட்டியம் என்னும் புதுப்பெயர் பெற்று, உயர்குடிப் பெண்கள் பயிலும் கலையாக மாறிக்கொண்டிருந்தது. அதில் சிருங்காரத்தைக் குறைத்துத் தூய்மை செய்ய வேண்டும் என்ற குரல் ஓங்கியது. பாலா அதற்கு இசையவே இல்லை. சிருங்காரம் இழிந்தது அன்று. அதுவே பக்திக்கு வாயில். மரபாக வந்த நாட்டியத்தைத் தூய்மை செய்ய எவரும் வேண்டியதில்லை என்பதே அவர் கொள்கை.

1947-ல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்காக நீண்டகாலம் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய அன்னையாரும் இசை வேளாளர் குலத்திலிருந்து வந்தவரே. அச்சட்டத்தால் இழிவிலிருந்து மீண்ட பெண்கள் எண்ணற்றோர் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், தாயிடமிருந்து மகளுக்கு வித்தை இறங்கிவந்த வீடுகள் பல ஓசையின்றி மூடிக்கொண்டன. மகளிரின் துயர் தீர்ந்தது என்று மகிழும் அதே மனம், அந்த வீடுகளில் பாட்டு நின்றுபோனதற்காக வருந்தவும் செய்கிறது. இரண்டையும் ஒன்றாக எடைபோட என்னால் முடியவில்லை.

ஜயம்மாளின் வீடு மூடவில்லை. டாக்டர் வி. இராகவன் போன்ற அறிஞர்களின் ஊக்கத்தால் 1950களின் தொடக்கத்தில் சங்கீத வித்வத் சபையின் ஆதரவில் நாட்டியப் பள்ளி ஒன்று தோன்ற, பாலா அதன் ஆசிரியரானார். கந்தப்ப பிள்ளையின் மைந்தர் கணேசன் நட்டுவாங்கத்துக்கு வந்தார். தம்பியர் இருவருள் இரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் புல்லாங்குழலிலும் தேர்ந்திருந்தனர். ஆக, தாய், மகள், மக்கள் என்று ஒரு குடும்பமே ஒரு மேடையில் அமைந்தது. 1955-ல் சங்கீத நாடக அகாடமியின் விருதும், 1957-ல் பத்மபூஷண் விருதும் பாலாவை நாடிவந்தன. 1961-ல் டோக்கியோவிலும், 1962-ல் அமெரிக்காவிலும், 1963-ல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். உலக மேடைகளைக் கண்டு தேர்ந்த கலைஞர்கள் அவரைப் பெரும் மேதை என ஏற்றனர். ஏசுவார்களே என்று அன்று வீட்டார் அஞ்சிய ஆட்டம் அது.

1967-ல் ஜயம்மாள் மறைந்தார். மகள் அடைந்த பெருமைகளுள் சில அதன் பிறகே வந்தன. 1973-ல் பாலாவுக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. பாடகர்களுக்கும் இசைவாணர்களுக்குமே உரியதாயிருந்த அப்பட்டம் ஒரு நாட்டியக் கலைஞருக்கு வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. சங்கீதமும் நாட்டியமும் ஒன்றே என்று வளர்த்த தாய்க்கும் அதில் பங்கு உண்டு. 1975-ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பாலா, நாட்டிய நிகழ்ச்சியை ஒரு கோயிலுக்கு ஒப்பிட்டுப் பேசினார். அலாரிப்பைக் கோபுரமாகவும், அடுத்தடுத்த உருப்படிகளை மண்டபங்களாகவும், பதத்தைக் கருவறையின் அமைதியாகவும், தில்லானாவை இறுதியில் ஏற்றும் கற்பூரமாகவும் அவர் விளக்கியதை நாட்டியம் பயில்வோர் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். 1977-ல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது.

1976-ல் சத்யஜித் ராய் 'பாலா' என்ற பெயரில் சுமார் அரைமணி நேரப் படம் ஒன்றை எடுத்தார். அதில் கடற்கரையில் நின்று, அலைகள் பின்னே புரள, பாலா கண்ணனை அழைக்கும் அப்பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். காற்று சேலையை இழுக்கிறது. வயது ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, உடல் கனத்துவிட்டது. முகம் மட்டும் இளந்தாயின் முகமாக இருக்கிறது. அப்பொழுது ஜயம்மாள் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாலாவுக்கு 1943-ல் பிறந்த ஒரே மகள் லக்ஷ்மி. தாயிடமே பயின்று அவரும் ஆடினார். 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பாலசரஸ்வதி சென்னையில் காலமான பின், அந்த முறையை மாற்றாமல் கற்பித்துவந்தார். லக்ஷ்மி 2001-ல் மறைந்தார். அவருடைய கணவர் டக்ளஸ் நைட் எழுதிய பாலசரஸ்வதியின் வரலாற்று நூல் 2010-ல் வெளிவந்தது. பாப்பம்மாள் முதல் மகளிர் வழியாகவே வந்த வித்தையை லக்ஷ்மிக்குப் பின் ஏற்றுக்கொண்டவர் அவருடைய மகன் அனிருத்தர்.